அலுமாரியில் இருக்கும் 140 இறுவட்டுகள்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் அலுமாரியில் கிடக்கும் இறுவட்டுகளை என்ன செய்வது, இனியும் இறுவட்டில் எழுதி வைப்பதில் பிரயோசனம் உண்டா, இல்லை ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினால் காணுமா என்று கேட்டிருந்தாய். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேணும். தொலைந்தால் திரும்பக் கிடைக்காததை மட்டும் பிரித்தெடுத்து, டிவிடியைவிடக் கூடக் கொள்ளும் புளூரே இறுவட்டிலும் எழுதி வைக்க வேணும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்காதே.

அலுமாரியை எண்ணிப் பார்த்தாயிற்று. எல்லாமாக 140. பெரும்பாலும் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் தேர் டிவிடிகள். 31 சிடி. ஒன்பது, கைக் கமராவில் போடும் 8 சென்ரிமீற்றர் சின்ன டிவிடி. முதலில் எடுக்க வேண்டியவை சிடிகள். சிடியில் வெள்ளிப் படை மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அதற்குமேல் மெல்லிய வார்னிஷ் போன்ற பூச்சு ஒன்றுதான் காவல். பத்து, பன்னிரண்டு சிடிகளில் குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதியிருக்கிறார்கள். ஒன்றை ரியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் "அப்பா 60" என்ற எழுத்தின் வழியாகவே வெளிச்சம் தெரிகிறது. அந்த இடத்துத் தரவு போனது போனதுதான். டிவிடியில் அந்தப் படை 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பொலிகாபனேற்றுத் தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் பேனைக்குத் தப்பிவிடும். ஆனால் இரண்டையும் ஒட்டிய பசை விளிம்பில் விட்டால் ஈரம் உள்ளே போகும். மூன்று டிவிடிகளில் விளிம்போரம் வெண்மையான திட்டு வந்திருக்கிறது. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், அவற்றில் கடைசிப் பகுதி வாசிக்காமல் போகலாம்.

வாசிக்கும் முறை இப்படி. மெல்லிய பிளாஸ்டிக் உறை இறுவட்டோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல், ஓரத்திலிருந்து மெதுவாக விலக்க வேணும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீரில் கீழ்ப்பக்கத்தை மட்டும் நனைத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேணும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக ஓடும். குறுக்குக் கீறலை, பிழை திருத்தவென்று இறுவட்டிலேயே கூடுதலாக எழுதியிருக்கும் திருத்தக் குறியீடு சமாளித்துவிடும், இதை அதனால் ஏலாது. பிறகு கோப்புகளை இழுத்துக் கொப்பி பண்ணாமல், முழு இறுவட்டையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது ஐ.எஸ்.ஓ. பிம்பமாக எடுப்பது நல்லது. பழுதானவற்றுக்கு லினக்ஸில் உள்ள டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள். ஒரு தரவுத் துண்டின் (செக்டர்) அளவு 2048 பைட் என்று கொடுத்து, முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டிப் போகவிட்டு, இரண்டாம் சுற்றில் அந்த இடங்களை மட்டும் மூன்று முறை முயல விட வேணும். எது வாசித்தாயிற்று, எது மிச்சம் என்று அது ஒரு கோப்பில் குறித்து வைக்கும். அதனால் அதே இறுவட்டை வேறொரு றைட்டரில் (இறுவட்டை வாசித்து எழுதும் கருவி) போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு றைட்டர் கைவிட்ட இடத்தை இன்னொன்று வாசிப்பது வழமையான விஷயம், லேசரின் பலமும் தடத்தைப் பிடிக்கும் விதமும் ஒன்றுக்கொன்று வேறு. பாட்டுச் சிடிகளுக்கு ஐ.எஸ்.ஓ. சரிவராது, எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருளால், ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுக்க வேணும்.

சின்ன டிவிடிகளில் நான்கு "வெற்று இறுவட்டு" என்று காட்டுகின்றன. பயப்படாதே, கமராவில் ஃபைனலைஸ் பண்ணாமல், அதாவது மற்றக் கருவிகளும் வாசிக்கும்படி முடித்துவைக்காமல் எடுத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பழைய கமரா உன்னிடம் ரொறன்ரோவில் இருந்தால் அதுவே சிறந்த வழி. இல்லையென்றால் ஐசோபஸ்ரர் என்ற மென்பொருள் அவற்றைத் திறக்கும். ஒன்று மட்டும், இழுத்து விழுங்கும் வாய் உள்ள றைட்டரில் 8 சென்ரிமீற்றர் இறுவட்டைப் போட்டால் உள்ளே சிக்கிவிடும். தட்டு வெளியே வரும் றைட்டர்தான் வேணும்.

இடம் மிச்சம் பிடிக்கவென்று வீடியோவைத் திரும்பச் சுருக்காதே. 140 இறுவட்டும் முழு டிவிடி என்று வைத்தாலும் 658 ஜிகாபைட்தான். இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு, வேறு வேறு கம்பனியுடையதாக வாங்கினால் போதும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி இரண்டும் ஒரே பழுதோடு வந்திருக்கலாம். டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளில் எக்ஸ்ஃபாட்டாக ஃபோர்மற் பண்ணாதே. இங்கே கரண்ட் நினைத்த நேரம் போகும், எழுதும்போது நின்றால் அதன் கோப்பு அட்டவணையே கெடக்கூடும். என்.டி.எஃப்.எஸ். முறை அதை ஓரளவு தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கத் தொடங்கினால் வயரைக் கழற்றி வைக்க வேணும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் வாசித்து, ஷா-256 பட்டியலோடு (ஒவ்வொரு கோப்புக்கும் கணித்து வைத்த கைரேகை போன்ற எண்) ஒப்பிட வேணும். அலுமாரியில் அசையாமல் ஐந்து வருடம் கிடந்த டிஸ்க் சுழல மறுத்தால் உன்னாலும் என்னாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

பென் டிரைவை நீண்டகாலச் சேமிப்பாக எண்ணவே கூடாது. அதிலும் எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத சிப் டிஸ்க்கிலும் தரவு என்பது சின்னச் சின்ன அறைகளில் அடைத்து வைத்த மின்னேற்றம். கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெக்கை கூடக் கூடக் கசிவும் கூடும். எழுதி எழுதித் தேய்ந்துபோன வீட்டுப் பாவனை எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் நியமம். பங்குனி, சித்திரையில் இந்த அறையில் 30 பாகை என்பது நல்ல நாள். கடையில் அடிமாட்டு விலைக்கு "2 டெராபைட் பென்" என்று விற்பது அநேகமாகப் பொய்க் கொள்ளளவு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளால் முழுக்க எழுதி வாசித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இனி இறுவட்டின் எதிர்காலம். வீட்டுப் பொருளாக அது போய்க்கொண்டிருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல சிடி, டிவிடிக்குப் பேர்போன ஜப்பானின் தையோ யூடன் கம்பனி அந்தத் தொழிலை 2015இல் விட்டது. பனசோனிக் 2023 மாசியில் புளூரே இறுவட்டு உற்பத்தியை நிறுத்தியது, சொனி 2025 மாசியில். அதே மாதத்தில் சொனி, பழைய கைக் கமராக்களில் போடும் மினி டி.வி. (MiniDV) ஒளிநாடாவையும் நிறுத்தியது. உன் மாமாவின் நாடாக்களையும் தள்ளிப்போடாதே. தாய்வானின் சி.எம்.சி. 2019இல் வாங்கிய வெர்பற்றிம் பெயரில் இன்னும் வருகிறது. 2024இல் சீன ஆய்வாளர்கள் ஒரு இறுவட்டில் பெற்றாபிற் அளவு (ஒரு லட்சம் ஜிகாபைட்டுக்கும் மேல்) எழுதியதாகச் செய்தி வந்தது. அது ஆய்வுகூடத்துச் சாதனை. உன் மேசைக்கு வரும் றைட்டர் அல்ல.

பிறகேன் எழுதச் சொல்கிறேன்? ஒருமுறை எழுதினால் அழிக்க ஏலாது என்பதற்காக. இடி விழுந்தால் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போகலாம். கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால், அந்நேரம் இணைத்திருந்த பிரதியையும் பூட்டிவிடும். பிள்ளை தவறி டிலீற் அமத்தினால், பிரதிகளைத் தானே ஒன்றுபோல வைக்கும் ஒத்திசைவு மற்றப் பிரதியையும் அழிக்கும். அலுமாரித் தட்டில் கிடக்கும் இறுவட்டை இவை ஒன்றும் தொடாது. அதற்குள் மோட்டரும் இல்லை, சிப்பும் இல்லை.

வாங்கும்போது பெட்டியில் "எல்.டி.எச். டைப்" என்று இருந்தால் வைத்துவிட்டு வா. அது டிவிடி போலவே சேதனச் சாயம், வெளிச்சத்துக்கும் வெக்கைக்கும் மங்கும். மற்ற வகையான எச்.டி.எல்.இல் எழுதும் படை அசேதனப் பொருள். எம்-டிஸ்க் என்ற விலை கூடிய இறுவட்டு ஆயிரம் வருடம் தாங்கும் என்று விளம்பரம். அந்த விலை கொடுக்கத் தேவையில்லை, நல்ல எச்.டி.எல். 25 ஜிகாபைட் இறுவட்டு போதும். எங்களுக்கு முதலில் தட்டுப்படப் போவது இறுவட்டு அல்ல, றைட்டர்தான். ஆகையால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வைக்கலாம்.

எழுதும்போது லப்டொப்பின் பற்றரி நிறைந்திருக்க வேணும். வெளியே செருகும் மெல்லிய றைட்டர்கள் எழுதும்போது ஒரு அம்பியருக்கு மேலும் இழுக்கும், பழைய யூ.எஸ்.பி. 2 வாய் தருவது 500 மில்லி அம்பியர். பாதியில் "எழுதல் பிழை" வந்து இறுவட்டு வீணாவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், பழி இறுவட்டுக்கு விழும். இரட்டைத் தலை வயரோ, தனி அடப்டரோ பாவிக்க வேணும். 25 ஜிகாபைட் இறுவட்டில் 20 மட்டும் நிரப்பி, மிச்ச இடத்தை டிவிடிசாஸ்ரர் என்ற மென்பொருள் சேர்க்கும் திருத்தக் குறியீட்டுக்கு விடு. அப்போது சில பகுதிகள் வாசிக்காமல் போனாலும் முழுவதையும் மீட்கலாம். நான்கு மடங்கு வேகத்தில் எழுதினால் நிறைய 23 நிமிடம், பிறகு சரிபார்ப்பு. சரிபார்ப்பை விடவே கூடாது, முடிந்தால் எழுதாத மற்ற றைட்டரில் செய்ய வேணும். புளூரேயில் தரவுப் படை கீழ்ப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது, விளிம்பில் பிடி. ஒட்டும் லேபல் வேண்டாம். நடு வளையத்தில் இறுவட்டுப் பேனையால் ஒரு இலக்கம் போதும்.

நிற்பாட்டி வைக்கும் கெட்டிப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நீல நிறச் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நிறம் இளஞ்சிவப்பானால் 110 பாகை போறணையில் இரண்டு மணித்தியாலம். அலுமாரியின் அடித்தட்டு வேண்டாம், மாரியில் நிலத்திலிருந்து ஈரம் ஏறும்.

எல்லாப் பிரதியும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரைச் சேர்ந்த உனக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு தொகுதி இறுவட்டும் உன்னிடம் வரும். இணையக் கணக்கில் போட விரும்பினால் போடு, ஆனால் இரண்டு வருடம் பாவிக்காத கணக்கைக் கூகுள் அழிக்கலாம். கடவுச்சொல் மகளுக்கும் தெரிய வேணும். அப்பாவின் கல்வெட்டை (நினைவு மலரை) ஸ்கான் பண்ணி, ஈழத்து நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம், நினைவு மலர்களை அவர்கள் சேர்க்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுச் சொல்லு.

அந்தக் கமரா உன்னிடம் இருக்கிறதா, அதன் சார்ஜரும் இருக்கிறதா என்று கெதியாக எழுது. அது வரும்வரை அந்த நான்கு இறுவட்டையும் தொடாமல் தனியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்