காண்டாமிருகத்துக்கு ராடார், ஆயுதக் கிடங்குக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 2019 டிசம்பர்ல நம்ம தென்னாப்பிரிக்காவுல செஞ்சூரியன் லிட்டில்டன் ராணுவத் தளத்துலேர்ந்து ராணுவத்தோட 19 ஆர்4 தானியங்கித் துப்பாக்கி திருடு போச்சே, அத நினைச்சா இன்னிக்கும் வயிறு கலங்குது, அந்த மாதிரி துப்பாக்கி நம்ம டர்பன்ல சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் வந்து சேர்ந்தா யாருங்க பொறுப்பு?

குரூகர் வனவிலங்குப் பூங்காவுல வேட்டைக்காரங்ககிட்டேர்ந்து காண்டாமிருகத்தக் காப்பாத்த நம்ம நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர் செஞ்ச மீர்கேட்ங்கிற ராடார் இருக்கு, கும்மிருட்டுலயும் தூரத்துல நடமாட்டம் தெரிஞ்சா புடிச்சிடும், உடனே கேமராவ அந்தப் பக்கம் திருப்பி ஆளா மிருகமான்னு பாத்துக்கலாம், வேணும்னா பெயர்த்து வேற இடத்துலயும் வைக்கலாம். தளத்துக்கும் இதையே வைக்கச் சொல்லுங்க, கூடவே காலடி அதிர்வப் புடிக்கிற சென்சார வேலியோரமா மண்ணுல பதிக்கட்டும். உள்ளாளே கூட்டுன்னா ராடார் மட்டும் போதாது, அதனால கிடங்கு சாவி யார் கையில இருக்குன்னும் தினம் பதிவு பண்ணணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டர்பன்