நாட்டின் பெயர் போதாது, ஊரின் வாடகையைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கல்வி இணைப்பில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறவள் நான். ஜெர்மனியையும் அயர்லாந்தையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையையும் படித்தேன். ஜெர்மனியில் படிப்பு இலவசம், அயர்லாந்தில் ஆங்கிலம் போதும், சம்பளமும் கூட என்று முடித்திருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி பக்கம் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பிள்ளையை அனுப்புகிற குடும்பத்துக்கு இந்த மூன்று வரி எந்த மூலைக்கு? முதல் சம்பளம் வருகிறவரை இங்கிருந்து எவ்வளவு போகும், சம்பளம் வந்தபிறகு மாதக் கடைசியில் பிள்ளை கையில் என்ன நிற்கும், இந்த இரண்டையும் சொல்லாமல் எந்த நாடு மலிவு என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

என் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். மகன் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் முதுகலை முடித்துவிட்டு அங்கேயே வேலையில் இருக்கிறான். நான் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள், இரண்டு பேரின் வரவு செலவும் எனக்குத் தெரியும்.

முதலில் படிக்கப் போகும்போது ஆகிற செலவு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம் பிள்ளைகள் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 முதல் முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை என்று வந்துவிட்டது. இதையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்? அப்புறம் பிளாக்டு அக்கவுண்ட். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை விசாவுக்கு முன்பே கட்டிவைக்க வேண்டும், அங்கே போனபின் அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோவாகப் பிள்ளை கைக்குத் திரும்பி வரும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, ஆக இலவசப் படிப்புக்கு முதல் நாளே 12 லட்சம் எடுத்துவைக்க வேண்டும். அது நம் பணம்தான், நம் பிள்ளைதான் சாப்பிடப்போகிறான், ஆனாலும் புரட்டவேண்டியது நாம்தான்.

அயர்லாந்தில் கட்டணமே பல படிப்புகளுக்கு 15,000 யூரோவைத் தாண்டுகிறது. கேட்டதும் தலை சுற்றும். ஆனால் அங்கே முதுகலை பெரும்பாலும் ஒரே வருடம், ஜெர்மனியில் இரண்டு வருடம். இரண்டாவது வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகிற பணத்தையும், ஒரு வருடம் முன்னதாக வேலைக்குப் போனால் வருகிற சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடையில் இருப்பதாக நினைக்கிற தூரம் பாதியாகக் குறைந்துவிடும். படித்து முடித்தபின் வேலை தேட ஜெர்மனியில் 18 மாதம் தருகிறார்கள், அயர்லாந்தில் முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டு வருடம். ஜெர்மன் மொழி ஓரளவாவது வராமல் அந்த 18 மாதத்தில் நல்ல வேலை பிடிப்பது கஷ்டம். மொழி வகுப்புக்கு ஆகிற காசையும் காலத்தையும் எந்த கன்சல்டன்சியும் செலவில் சேர்ப்பதில்லை.

இப்போது சம்பளம். ஆண்டுக்கு 50,000 யூரோ என்று இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணம் ஆகாத பிள்ளை. டப்ளினில் வரியெல்லாம் போக மாதம் 3,300 யூரோ கைக்கு வரும். ஜெர்மனியில் 2,700 வந்தால் பெரிது. சரி, அயர்லாந்துதான் லாபம் என்று இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். ஜெர்மனியின் பிடித்தத்துக்குள் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வேலை போனால் கிடைக்கிற உதவியும் இருக்கின்றன. என் மகள் டாக்டரிடம் போனால் அட்டையைக் காட்டுகிறாள், அவ்வளவுதான். நாளைக்கு வேலைக்குப் போகாத கணவரோ குழந்தையோ இருந்தாலும் அதே அரசுக் காப்பீட்டில் தனிச் சந்தா இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். என் மகன் சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்தாலே 60 யூரோ போகிறது, அதனால் தனியாகக் காப்பீடும் எடுத்திருக்கிறான். குழந்தைகளுக்கு அரசு தருகிற மாதத் தொகை ஜெர்மனியில் 2026 முதல் 259 யூரோ, அயர்லாந்தில் 140. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

எல்லாவற்றையும் விழுங்குவது வாடகைதான். டப்ளினில் ஒரு படுக்கையறை வீடு புதிதாக எடுக்கப்போனால் 2,000 யூரோவை ஒட்டிக் கேட்கிறார்கள். அதனால் வீடு என்கிற பேச்சே இல்லை, அறைதான். என் மகன் இருக்கிற வீட்டில் நான்கு அறை, ஒரே சமையலறை, குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. அவன் தட்டில் ஒரு புளிக்காய்ச்சல் டப்பா, தயிர், நான்கு முட்டை, அதற்குமேல் இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்துவைக்கலாம் என்றால் வைக்க வழியில்லாமல் வெளியே வாங்கிச் சாப்பிடுகிறான், அங்கே வெளியே சாப்பிடுவது பயங்கர விலை. அந்த ஓர் அறைக்கு மாதம் 900 யூரோ. நம் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய் என்று வைத்தால் 35 குவிண்டாலுக்கு மேல், ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர் சம்பா, அவன் ஒரு மாத வாடகைக்குப் போகிறது. கார்க், கால்வே, லிமரிக் பக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் அங்கேயும் இடம் கிடைப்பது பெரும்பாடு.

ஜெர்மனியில் ஊருக்கு ஊர் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மியூனிக் டப்ளினுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் மாதிரிக் கிழக்குப் பக்கத்து ஊர்களில் டப்ளின் அறை வாடகையில் ஒரு முழு வீடே எடுத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் அங்கே விளம்பரத்தில் போடுகிற வாடகையை அப்படியே நம்பக்கூடாது. சுடுநீர், வெப்பம், குப்பை எல்லாம் தனி, வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் குளிர்காலத்தில் கூடச் செலவானதற்குப் பாக்கி கேட்பார்கள். முன்பணம் மூன்று மாத வாடகை வரை வாங்கலாம், அயர்லாந்தில் ஒரு மாதத்துக்குமேல் வாங்கச் சட்டம் இடம் தராது. இன்னொன்று யாருமே சொல்வதில்லை. பல வீடுகளில் சமையலறை காலியாக இருக்கும். என் மகள் சாவி வாங்கிக் கதவைத் திறந்தபோது சுவரில் இரண்டு குழாய் முனையும் ஒரு மின்சார இணைப்பும்தான் இருந்தன, அடுப்பில்லை, பாத்திரம் கழுவத் தொட்டியில்லை. பழைய சாமான் பார்த்து வாங்கி மாட்டி முடிக்கிறவரை குக்கரைத் தரையில் வைத்துச் சோறு வடித்தாள், பாத்திரத்தைக் குளியலறையில் கழுவினாள். அதற்கு ஆன 1,200 யூரோ எந்த ஒப்பீட்டிலும் வராது.

மளிகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெர்மன் கடைகளான ஆல்டியும் லிடிலும் அயர்லாந்திலும் இருக்கின்றன, அரிசி, பால், ரொட்டி போன்ற அடிப்படை உணவுக்கு அங்கே மதிப்புக் கூட்டு வரியே கிடையாது. போக்குவரத்தில் ஜெர்மனியை மெச்சத்தான் வேண்டும். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ சீட்டில் நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாம் அடக்கம். டப்ளினில் லீப் கார்டு என்கிற பயண அட்டை இருந்தால் பெரியவர்களுக்கு 90 நிமிடப் பயணம் 2 யூரோ, மாணவர்களுக்கு 1 யூரோ, அதையும் குறை சொல்லமாட்டேன். ஜெர்மனியில் வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், புதிதாகப் போகிறவர்கள் நோட்டீஸ் வந்ததும் பயந்துபோகிறார்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், டெல்டாவில் நிலைமை வேறு. 7.5 லட்சத்துக்குமேல் கல்விக்கடன் என்றால் வங்கி ஈடு கேட்கும். நஞ்சையை ஈடாகப் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு வழி தருகிற சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்தின்மேல் கைவைக்க முடியாது. ஆகவே குடியிருக்கிற வீடு போகிறது, அதுவும் போதாவிட்டால் நகை, அப்புறம் வெளி வட்டி. இப்படிக் கடன் வாங்கியவர்களிடம் பகுதி நேர வேலையில் செலவை ஓட்டிவிடலாம் என்று தஞ்சாவூரில் ஒரு கன்சல்டன்சி அடித்துச் சொல்லியது, நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மணிக்கு ஜெர்மனியில் 13.90, அயர்லாந்தில் 14.15 யூரோ குறைந்தபட்சக் கூலி, வாரம் 20 மணி நேரம், வேலை கிடைத்தால் மாதம் 1,100, 1,200 வரும். அயர்லாந்தில் அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், கட்டணத்தில் ஒரு காசு குறையாது. ஆனால் போய் இறங்கிய மாதமே யாரும் வேலை தருவதில்லை, அந்த இடைவெளியில்தான் ஊரிலிருந்து மறுபடி பணம் அனுப்பவேண்டி வருகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. நாடுகளை வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, ஊர் ஊராகப் போடுங்கள். டப்ளின், கார்க், மியூனிக், ஸ்டுட்கார்ட், கெம்னிட்ஸ். ஒவ்வொன்றிலும் அறை வாடகை, முன்பணம், காப்பீடு, பிடித்தம் போகக் கைக்கு வருகிற சம்பளம், முதல் ஆறு மாதத்துக்கு இங்கிருந்து அனுப்பவேண்டிய தொகை. அங்கே இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டாலே கிடைத்துவிடும். செப்டம்பர் சேர்க்கைக்கு முன்பணம் கட்டுகிற நேரத்துக்குள் வந்தால் நிறையக் குடும்பங்களுக்கு உதவும். என் பிள்ளைகளின் சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் பெயரை மறைத்து அனுப்ப அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். கேட்டால் மறுநாளே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.