எங்கள் தூக்கத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. மார்ச் 31 வரைதான் லீவு என்று இரண்டு செட் துணியோடு ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தேன்.

வீட்டில் இருந்தது ஒரே போன். காலை ஒன்பது மணி வகுப்பு எனக்கு, அப்புறம் தம்பிக்கு. மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். நள்ளிரவு 12 மணிக்குத்தான் மறுநாளைய ஒன்றரை ஜிபி வரும். அதற்காகவே விழித்திருந்து, குரூப்பில் போட்ட வீடியோக்களைப் போர்வைக்குள் வைத்துப் பார்ப்பேன். முடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவின பிறகுதான் கண் அசரும். அட்டெண்டன்ஸ் நேரத்துக்கு அம்மா தட்டி எழுப்புவார். "தூங்கித் தூங்கியே கெட்டுப்போறா" என்பார் அப்பா. எனக்கு அழுகை வரும்.

அது சோம்பல் இல்லை. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் போஸ்டிங் நாட்களில் ஆறு மணிக்கு எழுந்து, யூனிபார்ம் போட்டு, வெயிலில் நடந்து வார்டுக்குப் போவோம். அந்தக் காலை வெளிச்சமும் நடையும்தான் இரவு பத்தரைக்கெல்லாம் எங்களைச் சாய்த்தன. ஊரடங்கில் அது அடியோடு நின்றது. கூடவே போன் வெளிச்சம், தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போட்டது. வீட்டில் யாருக்காவது தொற்று வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல் உங்களுக்குத் தெரியும். 1989-இல் வந்தது, போன ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றி 19 கேள்விகள், 0 முதல் 21 வரை மதிப்பெண், 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். கடைசி ஆண்டு புராஜெக்டுக்காக அதைக் கையில் எடுத்தபோது, ஊரடங்கு நாட்களை நினைத்து நிரப்பிப் பார்த்தேன். 'படுத்து எத்தனை நிமிடத்தில் தூங்கினீர்கள்?' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த நாட்களில் என்னிடம் கேமரா ஏன் ஆஃப் என்று கேட்டார்கள், லாக் புக் எங்கே என்று கேட்டார்கள். இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. நர்சிங் பிள்ளைகளுக்கும் அதே உடம்புதானே?

செமஸ்டருக்கு ஒருமுறை அந்த 19 கேள்விகளையும் மாணவிகளிடம் கொடுங்கள். பதிலை இன்டர்னல் மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள். 5-ஐத் தாண்டியவளைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். மழைக்கோ வேறு எதற்கோ கல்லூரி மூடி ஆன்லைன் வகுப்பு வந்தால், வீடியோவோடு சின்ன ஆடியோவும் அனுப்புங்கள். டேட்டாவுக்காக யாரும் விழித்திருக்க வேண்டாம்.

இப்போது நான் ஸ்டாப் நர்ஸ். போன வாரம் என்னோடு போஸ்டிங் வந்த ஒரு பெண், பிபி பார்க்கக் கஃபைச் சுற்றிவிட்டு அப்படியே கண் சொக்கி நின்றாள். கேட்டதற்கு, "அசைன்மென்ட் இரவு 11.59-க்குள் போடணும் அக்கா" என்றாள். அந்த நேரத்தை மாலை ஆறு மணியாக மாற்றுங்கள். இந்த வாரமே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி