சொந்தப் பாட்டுக்கு அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவருடைய அம்மா அடேலைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த அம்மாவின் சம்பளத்தில்தான் பெரும்பாலும் வீடு ஓடியது. 1964-இல் அவர்தான் கடன் வாங்கி, 60 டாலருக்கு மகனுக்கு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். புரூஸ் நியூ ஜெர்சி மதுக்கூடங்களில் பல வருடம் பாடிய பிறகு, 1972-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடம் வந்த இரண்டு ஆல்பங்களும் சரியாக விற்கவில்லை. 1975-இல் வந்த மூன்றாவதுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

செல்லூரில் நானும் ஏலச்சீட்டு எடுத்துத்தான் மகனுக்கு கிட்டார் வாங்கினேன். தறிச் சத்தம் ஓய்ந்ததும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பழகுவான். இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. வைகையைப் பற்றி அவனே எழுதி மெட்டுப் போட்ட பாட்டை, போன பங்குனியில் ஒரு திருவிழா மேடையில் தொடங்கினான். 'சினிமாப் பாட்டு பாடுப்பா' என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

சித்திரைப் பொருட்காட்சி மேடையில் தினமும் அரை மணி நேரத்தை உள்ளூர்ப் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்க வேண்டும். மைக்கும் ஸ்பீக்கரும் எப்படியும் அங்கே இருக்கின்றன.

- செல்லூர் வாசகி, மதுரை