வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: நாந்த் பத்திரமும் எங்கள் கட்டணமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாங்கனித் திருவிழாவுக்காகப் பிரான்சிலிருந்து ஊருக்கு வந்திருந்த பலர் இந்த ஆண்டும் மறக்காமல் எங்கள் அலுவலகப் படியேறினீர்கள். நலம் விசாரித்தீர்கள். எழுந்து புறப்படும் நேரத்தில் கொஞ்சம் தயங்கி, ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "நாந்திலிருந்து இலவசமாக வருகிற பத்திரத்துக்கு நீங்கள் காசு வாங்குகிறீர்களாமே?" வாட்ஸ்அப் குழுக்களில் இது சுற்றிக்கொண்டிருப்பதை நாங்களும் அறிவோம். பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேடி வாங்கித் தரும் இந்த ஒரே வேலையை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காரைக்காலில் செய்துவருகிறோம். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

பிரான்சின் நாந்த் நகரில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் மத்திய குடிமைப் பதிவகம் 1965 முதல் இயங்குகிறது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவின் நகலுக்கு அவர்கள் ஒரு காசும் வாங்குவதில்லை. நூறாண்டு தாண்டிய பழைய பதிவு ஏடுகள் பிரான்சின் எக்ஸ் நகரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை. எங்கள் பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். 'பத்திரக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்காது. தேடுதல், படித்தல், விண்ணப்பம், மொழிபெயர்ப்பு என்றுதான் இருக்கும். முழுப் பெயர், பிறந்த நாள், ஊர், தாய் தந்தை பெயர் ஆகிய நான்கும் கையில் இருந்தால் நீங்களே எழுதுங்கள் என்று சொல்லி, விண்ணப்பத் தாளையும் கொடுத்து, பணம் வாங்காமல் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இந்த மடலையும் படிப்பார்கள்.

அந்த நான்கும் கையில் இல்லாதவர்களுக்காகத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

வீட்டில் 'பிள்ளை' என்று வழங்கிய பெயர் ஏட்டில் 'புல்லே' என்று இருக்கும். முத்துசாமியின் 'உ' ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சு எழுத்தர் ஓ, யு என்று இரண்டு எழுத்துப் போட்டிருப்பார். ஆங்கில எழுத்தில் தேடினால் அகப்படாது. திருமலைராயன்பட்டினம் என்று தேடினால் அந்த ஊரே இல்லை. அது 'லா கிராந்த் அல்தே' என்ற பெயரில் இருக்கிறது. 1881 செப்டம்பர் ஆணையின்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்ட உரிமையை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் எடுத்து, தம்பி எடுக்காமல் விட்ட வீடுகள் உண்டு. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு, தாங்கள் பங்காளிகள் என்பதற்குச் சான்று தேடுகிறார்கள்.

அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனை வேறு சொல்ல வேண்டும். நம் ஊர்களிலிருந்து அங்கே அரசு உத்தியோகத்துக்குப் போனவர்கள் பலர். பிள்ளைகள் அங்கே பிறந்து, சிறு வயதில் இங்கே வந்திருப்பார்கள். "பாட்டி காரைக்காலில்தான் பிறந்தார்" என்று குடும்பமே அடித்துச் சொன்ன ஒரு வழக்கில், ஏழு ஆண்டுகளின் காரைக்கால் ஏடுகளை ஒரு பக்கம் விடாமல் பார்த்தோம். கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பாட்டியின் குழந்தைப் பருவப் புகைப்படம் ஒன்றை வீட்டார் கொண்டுவந்தார்கள். பின்புறத்தில் ஸ்டுடியோ முத்திரை: சைகோன். அடுத்த மாதம் பதிவு கிடைத்தது. அந்த ஏழு ஆண்டு ஏட்டுக்கு நாங்கள் ரசீது போடவில்லை.

பதிவு கிடைத்த பிறகும் அதைப் படிக்க வேண்டும். ஆண்டு எண்ணில் இருக்காது, எழுத்தில் இருக்கும். பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்பது 'நான்கு இருபதும் பதினேழும்'. மை ஊறி எண்பதா தொண்ணூறா என்று தெரியாத இடத்தில், தகப்பனாரின் வயதையும் ஓரக்குறிப்பையும் வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். கீழே சாட்சிகளின் கையெழுத்து: ஒருவர் பிரெஞ்சில், அடுத்தவர் புள்ளி வைக்காத பழந்தமிழில். இலவசம்தான். ஆனால் யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும் அல்லவா?

அப்படி உட்கார்ந்து படித்தவர் எங்கள் பெரியவர். உங்களில் பலர் அவரை 'ஐயா' என்றே அழைப்பீர்கள். பத்தொன்பது ஆண்டு எங்களோடு இருந்தார். இரண்டு கண்களிலும் பார்வை மங்கியதால் சித்திரை மாதத்தோடு நின்றுவிட்டார். பழைய எழுத்தர்களின் கையெழுத்தைப் பார்த்ததும், "இவர் 'ஆர்' எழுதினால் 'என்' போலத்தான் இருக்கும்" என்பார். அந்தப் பழக்கம் உள்ள ஒருவர் இன்னும் எங்களுக்கு அமையவில்லை. படிக்கும் வேலை இப்போது புதுச்சேரிக்குப் போய் வருகிறது. இந்தக் கோடையில் உங்களுக்கு ஏற்பட்ட தாமதத்துக்கு அதுவே காரணம். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

குழுவில் சுற்றும் குற்றச்சாட்டில் ஒரு பகுதிக்கு நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "பணம் வாங்கினார்கள், பத்திரம் வரவில்லை" என்று எழுதியவர் கேட்டது தம் தம்பியின் பிறப்புப் பதிவை. பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டு கடந்தால் யாரும் கேட்கலாம். அதற்குள் என்றால் அந்த நபர், கணவன் அல்லது மனைவி, பெற்றோர் பாட்டன் வழியில் மேலுள்ளவர்கள், பிள்ளை பேரன் வழியில் கீழுள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் முழு நகல் தருவார்கள். உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. அண்ணன் தம்பியை விட நெருக்கம் வேறென்ன என்று நமக்குத் தோன்றும். அவர்களுடைய சட்டம் அப்படி. பணம் வாங்குமுன் "உங்களுக்கு என்ன உறவு?" என்று எங்கள் அலுவலகப் பிள்ளைகள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது எங்கள் தவறு. அவருடைய பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதைக் குழுவில் யாரும் எழுதவில்லை என்ற வருத்தம் மட்டும் எங்களுக்கு உண்டு.

தபால், கூரியர், மொழிபெயர்ப்புச் செலவுகள் ஏறிவிட்டதால் ஆவணி முதல் நாளிலிருந்து ஒரு பதிவுக்கான கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 2,400 ரூபாயாகிறது; தொகை முழுவதும் முன்பணம், பதிவு கிடைக்காவிட்டால் திருப்ப இயலாது. ஏற்கெனவே கோப்பு கொடுத்திருப்பவர்களுக்குப் பழைய கட்டணமே.

புதுச்சேரியும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் வீடுகள், சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) ஓய்வூதியக் குடும்பங்கள், ரெயூனியன் தீவிலிருந்து முப்பாட்டனின் ஊர்ப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் என்று எத்தனை பேர் எங்களை நம்பிப் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள்! இற்றுப்போன கல்யாணப் பத்திரிகையையும் பாட்டன் கையெழுத்திட்ட கிரயப் பத்திரத்தையும் முன்பின் அறியாத எங்கள் மேசையில் விட்டுவிட்டுப் போனீர்கள். குழுவில் பேச்சு எழுந்தபோது நாங்கள் கேட்காமலேயே எங்களுக்காகப் பரிந்து பேசியவர்களும் நீங்கள்தான். அந்தச் செய்திகளை ஐயாவுக்குப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

இனி வரும்போது பழைய புகைப்படங்கள் இருந்தால் சட்டத்திலிருந்து கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பின்புறத்தை நாங்கள் பக்குவமாகத் திறந்து பார்த்துக்கொள்கிறோம். வியாழக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் ஐயா சும்மா வந்து உட்கார்ந்திருப்பார். ஏட்டைப் படிக்க முடியாவிட்டாலும், ஊர்ப் பெயரையும் வீட்டுப் பெயரையும் சொன்னால் எந்த ஆண்டு ஏட்டில் தொடங்குவது என்று சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்கு என்றும் கடன்பட்ட
உரிமையாளரும் பணியாளர்களும்,
காரைக்கால்