டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த ட்யூபைக் கொடுக்காதீர்கள், அண்ணாச்சி

எங்கள் கல்லூரிச் சாலையிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். நான் இங்கே கல்லூரியில் இயற்பியல் வாத்தியார், ஆறு வருஷமாக ஆண்கள் ஹாஸ்டலுக்கும் காப்பாளர். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல்காரப் பையனை பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வந்து ஷட்டரைத் தட்டியிருக்கிறேன், ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். முகம் வெளுக்கப் பையன்கள் வாங்கிப் போடும் ஸ்டீராய்டு க்ரீமைத்தான் சொல்கிறேன், எந்த ட்யூப் என்று நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பையன்கள் வந்து எப்படிக் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும், சிலர் வாய் திறந்து சொல்லக்கூடக் கூச்சப்பட்டு போனில் இருக்கும் படத்தைக் காட்டுவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்காதீர்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன மாதம் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் மதியம் லேபுக்கு வருவதை நிறுத்திவிட்டான். காலை வகுப்புக்கு வருவான், கைக்குட்டையை மூக்கு வரை கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்வான். லேபுக்குப் போக மைதானத்தைத் தாண்ட வேண்டும், வெயிலில் ஒரு ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷத்தை அவனால் தாங்க முடியவில்லை என்பது ரூமுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். எடுக்கச் சொன்னேன். கன்னம் இரண்டும் வெந்நீர் பட்ட மாதிரி சிவந்து, நூல் நூலாக நரம்பு தெரிய, தாடை முழுக்கச் சீழ் வைத்த பருக்கள். ஷேவ் பண்ணி ஒரு மாதமாகிறதாம், "பிளேடு பட்டாலே எரியுது சார்" என்றான். தாடி வளர்ப்பது இப்போது ஸ்டைல் என்பதால் அவன் சிநேகிதர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

எட்டு மாதமாகப் போட்டிருக்கிறான். சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னாராம். முதல் இரண்டு வாரத்தில் நன்றாகவே வெளுத்திருக்கிறது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். அப்புறம் நிறுத்தினால் எரிச்சல், போட்டால் அடங்கும், அதனால் திரும்பவும் கடைக்கு வருவான். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை அண்ணாச்சி. ஒரு தடவைகூட.

அவனுடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். கண்ணைக் கூச வைக்கும் அந்த வெள்ளை வெயிலில் நின்று பிள்ளையைப் படிக்க வைக்கிறார். ஊரில் கோயில் கொடை வந்தபோது பரீட்சை என்று பொய் சொல்லிவிட்டு ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டான். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு அழுதான். அவனுக்குப் பயம் வியாதியை நினைத்து இல்லை. "ஆம்பளப் பையன் மூஞ்சிக்கு க்ரீம் போட்டான்னு தெரிஞ்சா ஊர்ல சிரிப்பாங்க சார்." கறுப்பாக இருந்தாலும் சிரிப்பார்கள், அதை மாற்ற நினைத்தாலும் சிரிப்பார்கள் என்றால் பத்தொன்பது வயதுப் பையன் எங்கே போவான்? அதனால்தான் ட்யூபை ஷேவிங் டப்பாவுக்குள் ஒளித்து வைக்கிறார்கள், எரிச்சல் வந்தாலும் யாரிடமும் சொல்வதில்லை. அவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கும் ஒரே இடம் உங்கள் கடைதான்.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற மருந்துகள், சிலவற்றில் மொமெட்டசோனைவிடக் கடுமையான ஸ்டீராய்டான குளோபெட்டசால். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும் என்று அரசு மருத்துவமனை தோல் மருத்துவர் எனக்கு விளக்கித்தான் நான் தெரிந்துகொண்டேன், நீங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு க்ரீம்களை சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்ததும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. என் மாணவன் அந்த வரியைப் படிக்கவில்லை. நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பண்ணுவது என்றும் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆண்களுக்கென்றே தனியாக ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்ற வெளுப்பு க்ரீம் வந்தது 2005-இல். என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பிறந்ததே அதையொட்டித்தான், அவர்கள் வளர்ந்ததெல்லாம் டிவியில் அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டுதான். 2007-இல் ஷாருக் கானே வந்து அதைப் போடச் சொன்னார். 2020-இல் பெரிய கம்பெனி ஒன்று தன் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்தது, வார்த்தை போனது, ஆசை போகவில்லை. 2024 டிசம்பரில் டெல்லி நுகர்வோர் மன்றம், 79 ரூபாய்க்கு வாங்கிய க்ரீம் வெளுக்க வைக்கவில்லை என்று ஒருவர் போட்ட வழக்கில் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் கம்பெனியை 14.5 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. வெளுக்கவில்லை என்பதற்கே இவ்வளவு. வெளுக்க வைத்து முகத்தையே புண்ணாக்கியதற்கு என் பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

அப்புறம் நாம். ரஜினிகாந்துக்கும் விஜயகாந்துக்கும் விசில் அடித்த ஊர்தான் இது, ஆனால் கறுப்பு நிறத்தைச் சொல்லிக் கிண்டல் பண்ணும் காமெடிக்கும் அதே கூட்டம்தான் கைதட்டியது. ஹாஸ்டலில் அந்தப் பையனுக்கு அண்டங்காக்கா என்று பெயர். முதல் வருஷத்திலிருந்து அந்தப் பெயரை நானும் காதால் கேட்டிருக்கிறேன், பசங்க விளையாட்டு என்று தாண்டிப் போயிருக்கிறேன், அது என் தப்பு. கல்லூரி விழாவில் விருந்தினரை வரவேற்க "பார்க்க நல்லா இருக்கிற" பையன்களாகப் பொறுக்கி நிறுத்துகிறோமே, அவர்கள் எல்லோரும் என்ன நிறம் என்று ஒருநாளும் நாங்கள் யோசித்ததில்லை. ஹாஸ்டலில் இதையெல்லாம் பேசத் தொடங்கியிருக்கிறோம். முதல் கூட்டத்தில் ஒருவனும் வாய் திறக்கவில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவனாக என் அறைக்கு வந்து ட்யூபைக் காட்டினான். நாற்பது பேர் இருக்கும் மாடியில் ஒன்பது பேர்.

நான் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போவான் என்று நீங்கள் சொல்லலாம், நியாயமான பேச்சுதான். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்குவானே என்றும் கேட்கலாம். வாங்குவான், அங்கே கிடைக்கும் பெயர் தெரியாத டப்பாக்கள் இன்னும் மோசம், 2023-இல் கேரளாவின் மலப்புறத்தில் பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம் போட்ட சிலருக்குச் சிறுநீரகமே பழுதானது. அதற்கும் எங்கே சொல்ல வேண்டுமோ சொல்கிறேன். ஆனால் என் பையன்கள் ஒன்பது பேரும் வாங்கியது இந்தச் சாலையில்தான்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலர் என்னிடமே படித்தவர்கள். பையன் வந்து கேட்டால் விரட்டவும் வேண்டாம், கேலியும் வேண்டாம். சீட்டு கொண்டு வா தம்பி, ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீயாகச் சட்டென்று நிறுத்தாதே, அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார் என்று மெதுவாகச் சொல்லி அனுப்புங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் கூட்டிப் போகிறேன்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு கடையாக நானே வருகிறேன். கல்லாவுக்கு மேலே ஒட்ட ஒரு தாள் கொண்டு வருவேன், பையன்களே எழுதியது. ஒட்ட இடம் கொடுங்கள். சீட்டு இல்லாமல் அந்த ட்யூபைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சாலையில் இருக்கும் ஹாஸ்டல் வார்டன்