கட்டையன் மகன் விஷயம்

மச்சான்,

இங்கே சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம், பெரியம்மாவின் முழங்காலைத் தவிர. வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன், ஆனால் நம்ம குரூப்பில் கை தவறி விழுந்தால் கட்டையன் தாங்கமாட்டான். அதனால்தான் இந்த நீளக் கடிதம். படித்ததும் அழித்துவிடு.

கட்டையன் மகன் தன் ஏடிஎம் கார்டை வாடகைக்கு விட்டிருக்கிறான்டா. மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன் என்று பேஸ்புக்கில் எவனோ சொன்னானாம். கார்டு, பின் நம்பர், ஆன்லைன் பாஸ்வேர்ட், சிம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு ஈப்போ பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். முதல் மாதக் காசு ஒழுங்காக வந்தது. அப்புறம் வந்தது பாலாயிலிருந்து, போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான், போன். பகாங் பக்கம் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, 'போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது' என்று மிரட்டியவனை நம்பிப் பணம் அனுப்பியிருக்கிறார், அது இவன் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அவர் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அடித்ததால் கொஞ்சத்தை நிறுத்த முடிந்ததாம். பையனிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். கணக்கு முடங்கிக் கிடக்கிறது, அவனுடைய ஃபேக்டரி சம்பளமும் அதற்குள்தான்.

நீ பணவண்டியில் துப்பாக்கியும் கையுமாகப் போன காலத்தில் உனக்குப் பயமெல்லாம் பாராங் கத்தி வைத்திருப்பவன்மேல். காவலும் அவனுக்கேற்ற மாதிரிதான் இருந்தது. வங்கி வாசலில் ஜாகா என்கிற காவலாளி, ஹெல்மெட்டைக் கழற்று என்று போர்டு (கட்டையன் கழற்றியதும் அந்த ஜாகா சிரித்த சிரிப்பை நீ இன்னும் மறந்திருக்கமாட்டாய்), ராத்திரி 12 மணி ஆனால் காலை 6 வரை மெஷின் காசு தராது. கார்டை நகல் எடுத்தார்கள், சிப் வந்தது. கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டார்கள், 2017 ஜூலையிலிருந்து கடையிலும் ஆறு இலக்க பின் என்றார்கள். 2014இல் அந்த லத்தீன் அமெரிக்கக் கும்பல் மெஷினைத் திறந்து டிஸ்க்கைச் சொருகி, வைரஸ் ஏற்றி, சிலாங்கூர், மலாக்கா, ஜோகூர் என்று சுமார் 3 மில்லியன் வெள்ளியை அள்ளிக்கொண்டு போனபோது நீ வாய் ஓயாமல் அதையே பேசிக்கொண்டிருந்தாய். அப்போதுகூட போனது வங்கியின் பணம், மக்கள் கணக்கில் கை வைக்கவில்லை.

2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ்ஸில் வரும் டேக் நம்பரை, அதாவது ஒருமுறைக் கடவு எண்ணை, படிப்படியாக விடச் சொன்னது. ஒப்புதலைப் போனில் உள்ள வங்கி ஆப்பிலேயே அழுத்த வேண்டும், அதுவும் ஓர் ஆளுக்கு ஒரே போன், புதுப் போனைப் பதிந்தால் பல வங்கிகளில் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் நமக்குத் தெரியாமல் நுழைகிறவனைத் தடுக்கத்தான். இங்கே கணக்குக்காரனே புதுப் போனைப் பதியச் சம்மதித்துவிட்டான், அந்த 12 மணி நேரத்தில் யார் போய் வங்கியில் புகார் கொடுப்பது? திருடனுக்கு இப்போது மெஷினை உடைக்கிற வேலையே இல்லை, சுத்தமான பெயரில் ஒரு கணக்கு கிடைத்தால் போதும். அது எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கிய நம் அப்பாக்களுக்குக் கணக்கே கிடையாது. நம் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதில் கணக்கு இருக்கிறது, அதில் காசுதான் இல்லை. பாசார் (சந்தை) பக்கம் விசாரித்துப் பார்த்தேன், இப்படிக் கொடுத்தவன் இவன் ஒருத்தன் இல்லை.

'நான் யாரையும் ஏமாற்றவில்லையே மாமா' என்கிறான். 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதுப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள், முறையான காரணமில்லாமல் தன் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதே குற்றம் என்று சொன்னால் என்னை முறைக்கிறான். மோசடிக்குப் பயன்பட்ட கணக்கா என்று பார்க்கிற போலீசின் செமாக் மியூல் தளத்தில் அவன் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். புகார் இருக்கிறது என்று காட்டியது. கட்டையனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் ஏற்கனவே பையனை அறைந்துவிட்டு இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறார்கள், அவன் பெண்டாட்டி என் வீட்டில் வந்து அழுகிறாள்.

நீ பேசினால் பையன் கேட்பான். உன் துப்பாக்கிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். அந்த உறை வாங்கியவனோடு பேசிய மெசேஜ் எல்லாம் இன்னும் போனில் இருக்கிறது, வெட்கப்பட்டு அழிக்கப் பார்க்கிறான். அழிக்காமல் அப்படியே விசாரணை அதிகாரியிடம் காட்டச் சொல், நான் சொன்னால் ஏறவில்லை. கைது என்று வந்தால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தில் வழக்கறிஞரைக் கேட்கலாம் என்கிறார்கள், உன் மைத்துனியிடம் இதை ஒரு வார்த்தை விசாரித்து வை.

சனிக்கிழமை வர முடியுமா? நேராகக் கட்டையன் வீட்டுக்குப் போய்விடாதே, முதலில் இங்கே வா. பெரியம்மா உனக்கென்று நெத்திலி சம்பல் செய்து வைப்பாளாம், எனக்குக் கேட்டால் மட்டும் முழங்கால் வலிக்கிறதாம்.

உன்,
மச்சான்